தங்க மூட்டும் ஈயப் பூச்சும்

மஞ்சக்குப்பம் மாமா போன மாதம் வீட்டுக்கு வந்தபோது கையில் வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்று இருந்தது. அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாளின் நடுவில் ஒரு செயற்கை மூட்டின் படம், புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கு போல மஞ்சளாக மின்னியது.

“தம்பி, நீ கோட்டிங் கம்பெனியில இருந்தவன். இது தங்க மூட்டாம். சாதாரணத்தைவிட காசு கூட. ஆனா ஆயுசுக்கும் தேயாதாம். போட்டுடலாமா?”

“அதுல குண்டுமணி தங்கம்கூடக் கிடையாது மாமா” என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

அந்த மஞ்சள், டைட்டானியம் நைட்ரைடு. சில நிறுவனங்கள் அதில் நியோபியத்தையும் கலப்பார்கள், சிலர் டைட்டானியத்துக்குப் பதில் சிர்கோனியம் வைப்பார்கள். எல்லாமே ஏறக்குறைய தங்க நிறம்தான். ஹார்டுவேர் கடையில் மஞ்சள் நிற டிரில் பிட் தொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சரக்கு. நான் பன்னிரண்டு வருஷம் தரப் பரிசோதனை செய்தது அப்படிப்பட்ட வெட்டுக்கருவிகளைத்தான். காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் அறைக்குள் டைட்டானியத்தை வெல்டிங்கில் பார்க்கும் மின்வில்லால் ஆவியாக்கி, கொஞ்சம் நைட்ரஜனை உள்ளே விட்டால், இரண்டும் சேர்ந்து உள்ளே இருக்கும் பொருளின் மேல் படியும். சில மைக்ரான் தடிமன். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கடினத்தில் அடியில் இருக்கும் உலோகத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

சிதம்பரம் கவரிங் என்று போர்டு மாட்டாத ஊர் இந்தப் பக்கம் இல்லை. கவரிங்கிலாவது துளியூண்டு தங்கம் இருக்கும். தங்க மூட்டில் அதுவும் இல்லை.

அதற்காக அது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. முழங்காலில் தொடை எலும்பின் முனைக்கு மாட்டும் கவசம் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலவை. அதில் நிக்கலும் மிகச் சிறிதளவு உண்டு. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்களை நமக்குத் தெரியும். அந்த அரிப்புக்குப் பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். அப்படிப்பட்ட உடம்புக்குள் இந்த உலோகத்தை வைக்கும்போது, அணுக்கள் வெளியே கசியாமல் தடுக்க மேலே ஒரு மூடி இருந்தால் நல்லது என்பதுதான் மஞ்சள் பூச்சின் நியாயம். கீறல் விழாது, மூட்டின் நடுவே எதிரில் வைக்கும் பிளாஸ்டிக் துண்டு தேயாது என்பது இரண்டாவது நியாயம். சோதனை இயந்திரங்களில் அது சரியாகவே தெரிகிறது. ஆனால் நோயாளிகளுக்குப் பொருத்தி, பூச்சு உள்ளதையும் இல்லாததையும் பல வருஷம் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் வலியிலோ நடையிலோ ஆயுளிலோ சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் வரவில்லை. “ஆயுசுக்கும் தேயாது” என்பது தாளை அச்சடித்தவரின் நம்பிக்கை.

மாமா கேட்ட அடுத்த கேள்விதான் சரியான கேள்வி. “அப்ப எந்தப் பூச்சுதான் நல்லது?”

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், பூச்சுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். அது எலும்பா, ரத்தமா, பிளாஸ்டிக்கா? எலும்பு வந்து ஒட்ட வேண்டும். ரத்தம் ஒட்டவே கூடாது. பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரே இம்பிளாண்டின், அதாவது உடம்புக்குள் வைக்கும் செயற்கை உறுப்பின், ஒரு பக்கம் எலும்பையும் மறுபக்கம் பிளாஸ்டிக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு அது தப்பான பூச்சு. விளம்பரத் தாளில் முழுவதும் மஞ்சளாக மின்னிய மூட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

பூச்சே இல்லாவிட்டாலும் உலோகம் வெறும் உடம்போடு உள்ளே போவதில்லை. கடலூர்க்காரர்களுக்கு உப்புக்காற்றின் சேட்டையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தேவனாம்பட்டினம் பக்கம் ஜன்னல் கிரில் எத்தனை வருஷம் தாங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கடல் நீரில் உப்பு 3.5 சதவீதம். நம் உடம்பின் நீரில் சுமார் 0.9. அதாவது கால் பங்கு கடல், அதுவும் 37 டிகிரி சூட்டில், வருஷம் முழுக்க. அதில் ஒரு கவசம் கிடந்தும் அரிக்காமல் இருக்கிறதென்றால், குரோமியமோ டைட்டானியமோ காற்று பட்ட மறுகணமே தனக்குத் தானே போர்த்திக்கொள்ளும் ஆக்சைடு தோல்தான் காரணம். டைட்டானியத்தின் மேல் அது சில நானோமீட்டர் மட்டுமே. கீறினால் தானே மூடிக்கொள்ளும். மூட்டுக்கு நாம் போடும் இந்தப் பூச்சுகளுக்கு அந்தக் குணம் கிடையாது. பூச்சுத் தொழிலில் இருந்தவன் இதைச் சொல்லக் கூடாதுதான்.

அந்தத் தோலின் அருமை தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950களில் முயல் எலும்புக்குள் டைட்டானியக் குப்பி ஒன்றைப் பதித்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை முடிந்து எடுக்கப் போனால் குப்பி வரவில்லை. எலும்பு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல் வேர் பொருத்தினார். இன்று நம் ஊர்ப் பல் மருத்துவர்கள் போடும் இம்பிளாண்டுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

எலும்பு பிடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருப்பதைவிட, அதை வரச்சொல்லிக் கூப்பிட முடியாதா? அதற்காக வந்ததுதான் ஹைட்ராக்ஸிஅபடைட். எலும்பின் தாதுப் பகுதிக்கு மிக நெருக்கமான கால்சியம் பாஸ்பேட். 1980களின் நடுவில் தொடை எலும்புக்குள் இறங்கும் இடுப்பு மூட்டுத் தண்டுகளில் இதைப் பூச ஆரம்பித்தார்கள். எலும்பு இதை அந்நியமாக நினைப்பதில்லை. இடையில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் வளர்ந்து வந்து தொட்டுவிடும்.

இதைப் பூசும் விதம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆர்கான் வாயுவில் மின்வில் மூட்டி, பத்தாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் பிளாஸ்மா சுடரை உண்டாக்கி, அதற்குள் தூளைச் செலுத்துவார்கள். தூள் பறந்துகொண்டே உருகி, உலோகத்தின் மேல் அப்பளம் போலத் தட்டையாக அப்பிக்கொள்ளும். அடுக்கடுக்காகச் சேர்ந்து 50, 100 மைக்ரான் தடிமன் வரும். இங்கேதான் கைப்பக்குவம். சூடு அதிகமானால் தாது சிதைந்து, கண்ணாடி போன்ற, சீக்கிரம் கரைந்துபோகும் வேறு பொருளாகிவிடும்; எலும்பு வந்து சேர்வதற்குள் பூச்சு காணாமல் போகும். முழுக்கப் படிகமாக இருந்தால் வருஷக்கணக்கில் கரையாது, ஆனால் எலும்பைக் கூப்பிடும் வேகமும் குறைவு. தடிமனைக் கூட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். தடிமன் கூடினால் உள்ளுக்குள் இறுக்கம் கூடி, சுவரில் அதிகமாக அப்பிய சிமென்ட் பூச்சு பிளவுபடுவதுபோல் பிளவுபடும். ஆக, கொஞ்சம் கரைய வேண்டும், கொஞ்சம் நிற்க வேண்டும். “ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்” என்று கிண்டலுக்குச் சொல்வோமே, அது இந்தப் பூச்சுக்கு நிஜமாகவே பொருந்தும்.

ஈயம் பூசுகிறவர் என்றதும் எனக்குச் சின்ன வயசில் தெருமுனையில் துருத்தியோடு உட்கார்ந்திருந்தவர் ஞாபகம் வருகிறார். பித்தளை அண்டாவை முதலில் மணல் போட்டு, உள்ளே ஏறி நின்று, இடுப்பைச் சுழற்றிச் சுழற்றிக் காலால் தேய்ப்பார். அதற்கே அரைமணி நேரம். அப்புறம் சூடு காட்டி, நவச்சாரத் தூளைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை. வெள்ளீயத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைப்பது கடைசி ஒரு நிமிஷ வேலை. நவச்சாரம் போடாவிட்டால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். “ஈயம் முத்து முத்தா ஓடும்டா, ஒட்டாது” என்றார். உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடை நவச்சாரம் அகற்றுகிறது என்பதைக் கல்லூரியில் படித்தபோது, அவர் அதை எனக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று தெரிந்தது.

இம்பிளாண்ட் பூச்சிலும் முக்கால் பங்கு வேலை அந்த மணலும் நவச்சாரமும்தான். பூசுவதற்கு முன் அலுமினா என்ற கடினமான பொருளின் துகளை வேகமாக அடித்து உலோகத்தைச் சொரசொரப்பாக்குவார்கள். உருகிய தூள் அந்தப் பள்ளங்களில்தான் நகம் பதிக்கும். பிறகு கழுவுதல், மறுபடி கழுவுதல். பூசி முடித்ததும் மாதிரித் துண்டின் மேல் ஓர் உலோக உருளையைப் பசை போட்டு ஒட்டி, இயந்திரத்தில் இழுத்துப் பார்ப்பார்கள். ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சுக்கு ஐ.எஸ்.ஓ. 13779 தரநிலை கேட்கும் குறைந்தபட்சப் பிடிமானம் 15 மெகாபாஸ்கல். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரைப் பிய்க்க ஏறக்குறைய 150 கிலோ எடையைத் தொங்கவிட வேண்டும்.

கழுவுவதைக் கவனிக்காமல் விட்டதற்கு மருத்துவ உலகம் கொடுத்த விலை பெரியது. அமெரிக்காவில் சல்சர் நிறுவனம் விற்ற, இடுப்பு எலும்பில் பதித்து மூட்டின் பந்தை ஏந்தும் ஓர் இடுப்புக் கிண்ணத்தை 2000 டிசம்பரில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வடிவமைப்பு தப்பில்லை, உலோகம் தப்பில்லை. எலும்பைப் பார்க்கும் பரப்பில், தயாரிப்பின்போது பட்ட இயந்திர எண்ணெயின் மிச்சம் இருந்தது. எலும்பு அதன் மேல் ஒட்டவில்லை. கிண்ணம் தளர்ந்து, வலியோடு ஆயிரக்கணக்கானோர் மறுபடி அறுவை சிகிச்சைக்குப் படுக்க வேண்டிவந்தது. வழக்கு முடிய சுமார் 100 கோடி டாலர் ஆனது. கண்ணுக்குத் தெரியாத ஒரு எண்ணெய்ப் படலம், அவ்வளவுதான்.

சரி, வழுக்கும் பக்கத்துக்கு வருவோம். மூட்டுச் சோதனை இயந்திரங்களில் ஒரு வருஷத்துக்குப் பத்து லட்சம் அடிகள் என்று கணக்கு வைப்பார்கள். ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு முழங்காலில் இறங்கும். இதற்குக் கடினமான பூச்சு வேண்டும் என்று 1990களில் வைரத்துக்கு நிகரான கார்பன் படலத்தை இடுப்பு மூட்டின் பந்துகளில் போட்டுப் பார்த்தார்கள். இயந்திரத்தில் அருமையாக ஓடியது. உடம்புக்குள் சில வருஷம் கழித்து உரிய ஆரம்பித்தது. படலத்தில் இருந்த ஊசித்துளைகள் வழியே உடல் நீர் இறங்கி, படலத்தையும் உலோகத்தையும் சேர்த்துப் பிடித்திருந்த நடு அடுக்கை அரித்துவிட்டது. மேலே கார்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழே பிடிப்பு போனபின் மேலே வைரமாக இருந்து என்ன பிரயோஜனம்? உரிந்த செதில் சும்மாவும் கிடக்காது. பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அகப்பட்டு, மாவரைக்கும்போது விழுந்த கல் மாதிரி இரண்டையும் கீறித் தள்ளும். கடினமான பூச்சு உரிந்தால் அது கடினமான கல்.

அதனால்தான் எந்தப் பூச்சைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் அதன் கடினத்தைக் கேட்பதில்லை. உரிந்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்கிறேன். எலும்புப் பக்கத்து ஹைட்ராக்ஸிஅபடைட் கரைந்துபோனாலும், அதற்குள் எலும்பு உலோகத்தின் சொரசொரப்பைப் பிடித்திருந்தால் நஷ்டமில்லை. வழுக்கும் பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இந்தச் சிக்கலுக்கு எனக்குப் பிடித்த விடை ஒன்று உண்டு: பூசாமலே விடுவது. சிர்கோனியத்தில் 2.5 சதவீதம் நியோபியம் கலந்து, காற்றில் சுமார் 500 டிகிரி சூட்டில் வைத்தால், மேற்பரப்பு ஐந்து மைக்ரான் ஆழத்துக்குக் கறுப்பு நிறப் பீங்கானாக மாறிவிடும். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதில்லை, உலோகமே உருமாறியது. அதனால் உரிவதற்குத் தனியான எல்லைக்கோடு இல்லை. நிக்கலும் கிட்டத்தட்ட இல்லை. கறுப்பாக இருப்பதால் விளம்பரத் தாளில் எடுப்பாகத் தெரியாது என்பதுதான் அதன் குறை.

விலையைப் பற்றியும் மாமா கேட்டார். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு வைத்தபோது, கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம் போன்ற சிறப்பு உலோகத்துக்கு 76,600 ரூபாய் என்று அறிவித்தது. வரி தனி. வித்தியாசம் 21,880 ரூபாய். பிறகு வரம்பு கொஞ்சம் மாறியிருக்கிறது. பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

அன்று மாலை மாமாவைக் கடலூர் முதுநகர் துறைமுகம் பக்கம் அழைத்துப் போனேன். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றிச் சுரண்டி வர்ணம் அடிப்பார்கள். ஒருவர் படகின் அடியில் மல்லாந்து படுத்தபடி, பாசியையும் அதன் மேல் கல்லாக ஒட்டிய ஓடுகளையும் உளியால் கொத்திக்கொண்டிருந்தார். முதலில் வருவது வழவழப்பான பாசிப்படலம், அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் மேல் குடியேறும் என்றார்.

இம்பிளாண்டிலும் அச்சு அசலாக அதே கதை. உலோகம் உடம்புக்குள் போன நிமிஷமே ஒரு ஓட்டப்பந்தயம் தொடங்குகிறது. ஒரு பக்கம் நம் செல்கள், மறுபக்கம் பாக்டீரியா. யார் முதலில் பரப்பைப் பிடிக்கிறார்களோ இடம் அவர்களுக்கு. அந்தோணி கிரிஸ்டினா என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1987இல் இப்படிச் சொன்னார். இன்றுவரை எல்லாரும் அதையே சொல்கிறார்கள். பாக்டீரியா முந்தி, பாசி மாதிரி படலம் கட்டிவிட்டால் ஆன்டிபயாட்டிக்கால் அதை எளிதில் அழிக்க முடியாது. பல நேரம் இம்பிளாண்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் பரப்பில் விஷம் வைத்துவிடலாமே? படகுக்காரர்கள் வைக்கிறார்கள். தாமிரம் கலந்த வர்ணம் அதற்குத்தான். ஒரு காலத்தில் கப்பல்களுக்கு வெள்ளீயச் சேர்மம் கலந்த வர்ணம் அடித்தார்கள். பிரமாதமாக வேலை செய்தது. கூடவே கடல் நத்தைகளின் இனப்பெருக்கத்தையும் கெடுத்தது. 2008இல் உலக அளவில் அதற்குத் தடை அமலுக்கு வந்தது. அண்டாவில் பூசினால் சோற்றைக் காத்த அதே வெள்ளீயம், வேறு சேர்க்கையில் கடலைக் கெடுத்தது. உடம்புக்குள் இந்தக் கணக்கு இன்னும் நுட்பம். எலும்புப் புற்றுநோயில் பெரிய துண்டையே வெட்டி எடுத்துவிட்டு வைக்கும் நீண்ட இம்பிளாண்டுகளுக்கு வெள்ளிப் பூச்சு உண்டு. அங்கே தொற்று வரும் ஆபத்து அதிகம், அதனால் நியாயம் இருக்கிறது. வெள்ளி கூடினால் நம் செல்லுக்கும் ஆகாது. அத்தை மாதிரி சாதாரண மூட்டு மாற்றுக்கு அது தேவையில்லாத வேலை. அறுவை அரங்கின் சுத்தமும், சரியான நேரத்தில் போடும் ஆன்டிபயாட்டிக் ஊசியும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் அங்கே அதிகம் சாதிக்கும்.

ரத்தத்தைப் பார்க்கும் பூச்சு தனிக் கட்டுரைக்கான விஷயம், ஒரு வரியாவது சொல்லிவிடுகிறேன். இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்டுகளில் மருந்து கலந்த பாலிமர், அதாவது பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள், பூசுகிறார்கள். அமெரிக்காவில் 2003இல் முதல் அனுமதி கிடைத்தபோது அதிலிருந்த சிரோலிமஸ் என்ற மருந்து, ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரியின் சரக்கு. அதைக் கண்டெடுத்த குழுவின் தலைவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திரநாத் சேகல். மருந்து தீர்ந்தபின் மிஞ்சிய பாலிமரே சிலருக்குத் தாமதமாக ரத்தக்கட்டை உண்டாக்குகிறதோ என்ற கவலை வந்தது. அதற்குப் பிறகு தானே கரையும் பாலிமர்கள் வந்தன. இங்கேயும் அதே கேள்விதான், வேலை முடிந்த பூச்சு என்ன ஆகிறது.

திரும்பி வரும்போது மாமா மௌனமாகவே வந்தார். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். எலும்பில் மூட்டை ஒட்டவைக்கும் சிமென்ட் வைத்துப் பொருத்துவீர்களா, வைக்காமலா? முழங்காலில் பெரும்பாலும் சிமென்ட்தான். அப்படியானால் எலும்பைக் கூப்பிடும் பூச்சுக்கு அங்கே வேலையே இல்லை. நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் எந்த ரகம்? மஞ்சள் பூச்சு எதற்காக, அலர்ஜிக்கா, அழகுக்கா?

போன வாரம் போன் செய்தார். டாக்டர் சீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அத்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். கவரிங் போட்டா அரிக்குமாம்மா? அத்தை இரண்டு கையையும் நீட்டினார்களாம். முப்பது வருஷமாகக் கழற்றாத கவரிங் வளையல், கைக்கு நான்கு. சாதாரண மூட்டே போதும் என்று முடிவாகிவிட்டது. ஆடி கழியட்டும், ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லிவிட்டார்கள்.